ஆண்டனி ஜான்சன் குடும்பம்: வர்ஜீனியாவில் 250 ஏக்கர், பேரன் காலத்தில் 44

வேர்தேடி | வெள்ளி இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக ஒரே ஒரு குடும்பத்தின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். 17ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் விவசாயம் பார்த்த ஆண்டனி ஜான்சன், அவர் மனைவி மேரி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள், பேரப்பிள்ளைகள். அமெரிக்காவின் ஆரம்பகால விவசாயி என்றால் நமக்குத் தோன்றுவது இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைக்காரர்தான். இவர் ஆப்பிரிக்கர். 1621இல் 'ஜேம்ஸ்' என்ற கப்பலில் வந்து இறங்கினார். அவரைப் பற்றி ஏட்டில் எழுதியது "அன்டோனியோ, ஒரு நீக்ரோ". அவ்வளவுதான். அப்பா பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை.

முப்பது வருடம் கழித்து அதே ஆளுக்கு 250 ஏக்கர் நிலம். அவர் கண்மூடிய சில மாதத்தில் மகன் கையிலிருந்த நிலம் போய்விட்டது. இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் கோர்வையாகப் பிடிக்கப் பார்க்கிறேன். இணையத்தில் தேடினால் பாதிப் பக்கங்களில் "அமெரிக்காவின் முதல் அடிமை முதலாளி ஒரு கறுப்பர்தான்" என்ற ஒற்றை வரிதான் வருகிறது. அது எனக்கு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள், நான் தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

ஆவணப்பித்தன் | வெள்ளி இரவு 10:25

நல்ல இழை தம்பி. முதலில் அந்த ஒற்றை வரியை முடித்துவிடுவோம். 1640இல் வர்ஜீனியாவில் மூன்று வேலையாட்கள் எஜமானனிடமிருந்து தப்பி ஓடி மேரிலாந்தில் பிடிபட்டார்கள். விக்டர் டச்சுக்காரர், ஜேம்ஸ் கிரெகரி ஸ்காட்லாந்துக்காரர், ஜான் பஞ்ச் ஆப்பிரிக்கர். மூவருக்கும் சவுக்கடி. முதல் இருவருக்கும் கூடுதலாக நான்கு வருட வேலை. ஜான் பஞ்சுக்கு மட்டும் ஆயுள் முழுக்க. ஜான்சன் தன் வேலையாள் ஒருவர் மேல் உரிமை கேட்ட வழக்கு 1655இல் வருகிறது, அதாவது பதினைந்து வருடம் பிந்தியது. அதற்கும் முன்னால், 1619இல் பாயின்ட் கம்ஃபர்ட்டில் இறக்கப்பட்ட இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை வாங்கியவர்கள் யார்? ஆங்கிலேயர்கள். ஆகவே "முதல்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜான்சன் வழக்கின் தனித்தன்மை வேறு. எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரை ஆயுள் முழுக்க இன்னொருவருக்குச் சொந்தம் என்று ஒரு சிவில் வழக்கில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஆரம்பகாலத் தீர்ப்புகளில் அது ஒன்று.

சரி, இப்போது குடும்பத்துக்கு வருவோம். அன்டோனியோவைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் ஜேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பென்னட் என்பவரின் புகையிலைத் தோட்டம். வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. 1622 மார்ச் 22ஆம் தேதி அந்த மண்ணின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்கள், ஓப்பெச்சன்கனோ தலைமையில், ஆற்றோரக் குடியேற்றங்கள் எல்லாவற்றின் மீதும் ஒரே காலையில் பாய்ந்தார்கள். மொத்தம் 347 பேர் செத்ததாகக் கணக்கு. பென்னட் தோட்டத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேல். தப்பிய ஒரு சிலரில் அன்டோனியோ ஒருவர். அதே வருடம் 'மார்கரெட் அண்ட் ஜான்' கப்பலில் "மேரி, ஒரு நீக்ரோப் பெண்" வருகிறார். 1625இல் எடுத்த தலைக்கணக்கில் வர்ஜீனியா முழுக்க ஆப்பிரிக்கர்கள் 23 பேர்தான். அந்த 23இல் இரண்டு பேர் ஒரே தோட்டத்தில், ஒரே பக்கத்தில். அவர்கள்தான் அடுத்த நாற்பது வருடத்துக்கு மேல் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்தவர்கள்.

அன்டோனியோ எப்போது ஆண்டனி ஆனார், ஜான்சன் எப்போது ஒட்டியது என்பதற்கெல்லாம் ஏட்டில் விடை தேடாதீர்கள். அந்த ஏடுகளை எழுதியவர்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை.

கழனிவாசி | சனி காலை 6:15

நான் விவசாயி. வரலாறு படித்தவன் இல்லை, ஆனால் இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. வெறும் ஆளாக வந்தவர் 250 ஏக்கர் எப்படிச் சேர்த்தார்? புகையிலை அப்படி ஒன்றும் கொட்டிக் கொடுக்கிற பயிர் இல்லையே. மூன்று நான்கு போகத்தில் மண்ணை உறிஞ்சிவிடும், அப்புறம் தரிசாகப் போட்டு வேறு பக்கம் காட்டை வெட்ட வேண்டும். நிலம் வாங்குவதற்கு முன்னால் கையில் ஏதாவது இருந்திருக்க வேண்டும். என் கணிப்பு மாடு.

ஆவணப்பித்தன் | சனி காலை 8:50

ஐயா, சரியாகப் பிடித்தீர்கள். மாடுதான். 1640களில் இந்தக் குடும்பம் செசபீக் விரிகுடாவுக்குக் கிழக்கே நார்த்தாம்டன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது, விடுதலையான குடும்பமாக. 1647இல் ஜான்சன் ஒரு கன்றுக்குட்டி வாங்கியது ஏட்டில் இருக்கிறது. அந்த ஊரில் அந்தக் காலத்தில் மாட்டையும் பன்றியையும் கட்டிப்போட்டு வளர்க்கவில்லை. காட்டில் அவிழ்த்துவிட்டு, பயிரைச் சுற்றி வேலி போட்டார்கள். யார் மாடு என்று தெரிய காதில் வெட்டுக்குறி. அந்தக் குறியைக் கோர்ட்டில் பதிந்து வைக்க வேண்டும். தீனிச் செலவு இல்லை, தானாகப் பெருகும், புகையிலை விலை விழுந்தாலும் மாடு மாடுதான். கையில் காசில்லாதவன் மேலே வருவதற்கு அதைவிட நல்ல வழி அங்கே கிடையாது.

நிலம் வந்தது 'தலைக்கு ஐம்பது' விதியில். கப்பல் கூலி கொடுத்து ஓர் ஆளை வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் கேட்கலாம். 1651இல் ஜான்சன் ஐந்து பெயர்களைக் காட்டி 250 ஏக்கர் பட்டா வாங்கினார், பங்கோட்டீக் ஓடைக்கரையில். ஐந்து பெயரில் ஒன்று அவர் மகன் ரிச்சர்ட். மற்றவர்களை இவரே கொண்டுவந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைச்சீட்டை, அதாவது அந்த 50 ஏக்கர் கேட்கும் உரிமையை, கைமாற்றி விற்பதும் வாங்குவதும் சர்வ சாதாரணம். 1652இல் மூத்த மகன் ஜான் பதினொரு பெயருக்கு 550 ஏக்கர், 1654இல் ரிச்சர்ட் இரண்டு பெயருக்கு 100 ஏக்கர். மொத்தம் 900, ஒட்டி ஒட்டி.

கழனிவாசி | சனி காலை 9:30

மாட்டை வைத்து எழுந்து, நிலத்தைப் பிள்ளைகள் பெயரில் பக்கத்திலேயே பிடித்துப் போட்டிருக்கிறார். விவசாயி மூளை அது. அண்ணன் தம்பி வரப்பு ஒட்டி இருந்தால் ஏர், ஆள், கண்காணிப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று உதவும். இந்த மனுஷனை எனக்குப் பிடித்துவிட்டது.

நிலா_அட்லாண்டா | சனி மதியம் 1:05

எனக்குப் பிடிக்கவில்லை. மன்னிக்கவும், ஆனால் ஜான் கேசர் என்ற பெயரை யாரும் இன்னும் எடுக்கவே இல்லையே. தான் அனுபவித்த அதே நுகத்தை இன்னொரு ஆப்பிரிக்கர் கழுத்தில் கட்டியவர்தானே இந்த ஜான்சன்? நிலக்கணக்கை ரசித்துப் பேசுகிறோம், அந்த நிலத்தில் குனிந்து வேலை செய்தவர் யார் என்று கேட்க வேண்டாமா? நான் கறுப்பின நண்பர்களோடு தினமும் பழகுகிறவள். கேசரின் கதையை ஒதுக்கிவிட்டு ஜான்சனைச் சாதனையாளராகக் காட்டினால் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது.

வேர்தேடி | சனி மதியம் 1:40

அக்கா, ஒதுக்கவில்லை, அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். ஆவணப்பித்தன் அண்ணா, அந்த வழக்கை நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆவணப்பித்தன் | சனி மாலை 4:20

எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

1654. கோல்ட்ஸ்மித் என்ற பக்கத்துக் குடியேறி ஜான்சன் வீட்டுக்கு வருகிறார். கேசர் அவரிடம் போய், நான் ஏழெட்டு வருட ஒப்பந்தத்தில்தான் வந்தேன், கெடு முடிந்தும் மேற்கொண்டு ஏழு வருடமாக என்னை வைத்திருக்கிறார், என்னை மீட்டுவிடுங்கள் என்கிறார். ஜான்சன் சொல்வது: ஒப்பந்தம் எதையும் நான் பார்த்ததில்லை, இவன் எனக்கு ஆயுள் முழுக்க. அப்போது பார்க்கர் சகோதரர்கள் உள்ளே வருகிறார்கள். ஒப்பந்தச் சீட்டு விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் கையில் இருக்கிறது, எங்களுக்குத் தெரியும் என்கிறார்கள். விடவில்லை என்றால் கேசர் உன் மாடுகளை இழப்பீடாகக் கேட்டு வாங்கிக்கொள்வான் என்றும் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சாட்சி வாக்குமூலம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. கிழவர் பயந்துபோனார் என்று அதில் இருக்கிறது. மருமகன், மனைவி, இரண்டு மகன்கள் நால்வரும் சேர்ந்து, விட்டுவிடுங்கள் என்று அவரை இணங்க வைக்கிறார்கள். கேசர் வெளியே போகிறார். போனவர் ராபர்ட் பார்க்கரிடம் வேலைக்குச் சேர்கிறார். கொஞ்ச காலத்தில் ஜான்சனுக்கு மனம் மாறுகிறது, பார்க்கர் மேல் வழக்குப் போடுகிறார். 1655 மார்ச் 8ஆம் தேதி தீர்ப்பு: கேசர் ஜான்சனுக்கே உரியவர், திரும்பப் போக வேண்டும், செலவு பார்க்கர் தலையில்.

நிலா அக்கா சொல்வது நியாயம். அந்த அறையில் இருந்த அத்தனை பேரிலும் கேசரின் வார்த்தை மட்டும் எடையில்லாமல் போனது. அவர் அதற்குப் பிறகும் பல வருடம் அந்தக் குடும்பத்தோடுதான் இருந்தார், மேரிலாந்து வரைக்கும்.

நிலா_அட்லாண்டா | சனி மாலை 5:10

மனைவியும் மகன்களும் விடச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. அது மனதை என்னவோ செய்கிறது. நன்றி.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஆண்டனி அந்த வழக்கில் ஜெயித்தது அவருக்கே எமனாக வந்தது என்று நினைக்கிறேன். ஒப்பந்தச் சீட்டைக் காட்ட முடியாத ஆப்பிரிக்கர் ஆயுளுக்கும் சொந்தம் என்று ஒரு கோர்ட் சொல்லிவிட்டால், அது கேசரோடு நிற்குமா? 1625 ஏட்டில் ஆண்டனி பெயருக்குப் பக்கத்தில் மட்டும் என்ன சீட்டு இருந்தது?

கழனிவாசி | சனி இரவு 7:45

அம்மா, காலையில் நான் எழுதியதை அப்படியே விட முடியவில்லை. மாட்டைக் காட்டி மிரட்டினார்கள் என்று படித்ததும் அந்த மனுஷன் பயந்தது எனக்குப் புரிகிறது, இருபது வருடச் சேமிப்பு அது. ஆனால் கேசர் கேட்டது தன் கெடு முடிந்த விடுதலையை. அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கியது தவறு. மனைவி மக்கள் சொன்னதோடு நின்றிருக்கலாம்.

முத்து_ரிச்மண்ட் | சனி இரவு 9:00

இந்தப் பேச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் வர்ஜீனியாவில் இருக்கிறேன், அந்தப் பக்கம் இரண்டு முறை போயிருக்கிறேன். கடலின் மேல் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர் பாலமும் சுரங்கமுமாகப் போகும் சாலை, இறங்கினால் நார்த்தாம்டன். சமதரை, மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சோயா வயல், கோழிப் பண்ணை, நடுவே ஓடைகள் விரல் விட்டதுபோல் உள்ளே வரும். ஓடைக்கரை ஏன் முக்கியம் என்று அங்கே நின்றால்தான் தெரியும். புகையிலையைப் பீப்பாயில் அடைத்து உருட்டிக்கொண்டுபோய்த் தோணியில் ஏற்றினால்தான் காசு. ஓடை இல்லாத நிலம் வெறும் மண்.

ஈஸ்ட்வில் என்ற சின்ன ஊரில் அந்தக் கவுண்டியின் கோர்ட் ஏடுகள் 1632இலிருந்து விடாமல் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே இடைவெளி இல்லாமல் தொடரும் மிகப் பழைய கவுண்டி ஏடுகள் அவைதான் என்கிறார்கள். உள்நாட்டுப் போரில் வர்ஜீனியாவின் எத்தனையோ கோர்ட் ஏடுகள் எரிந்துபோயின. ஜான்சன் வேறொரு கவுண்டியில் பயிர் வைத்திருந்தால் நமக்கு அவர் பெயரே தெரியாமல் போயிருக்கலாம்.

தேன்மொழி_பிறை | சனி இரவு 9:35

ஒரு சந்தேகம். வர்ஜீனியாவில் 1635இலேயே 'டோனி' என்ற இந்தியர் இருந்தார் என்று எங்கோ படித்தேன். அவரும் இந்த ஆண்டனியும் ஒருவரா?

ஆவணப்பித்தன் | சனி இரவு 10:10

இல்லை தங்கச்சி, வேறு வேறு ஆள். 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் நிலம் கேட்டுக் காட்டிய தலைச்சீட்டுப் பட்டியலில் "டோனி, கிழக்கிந்தியர்" என்று ஒருவர் இருக்கிறார். அந்த ஒரு வரிக்கு மேல் குடும்பம், ஊர் எதுவும் ஒட்டவில்லை. நம் பக்கத்து ஆள் என்று சிலர் ஆசைப்பட்டு எழுதுகிறார்கள், அதற்கு ஆதாரம் காட்டவில்லை. டோனி, ஆண்டனி, அன்டோனியோ எல்லாம் போர்த்துகீசியர் கைபட்ட துறைமுகங்களில் வைக்கப்பட்ட பெயர்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், அதனால்தான் இந்த வேலையில் அடி சறுக்கும்.

இன்னொன்றும் இதனோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1645 ஏட்டில் "நீக்ரோ ஆண்டனி" ஒருவர் சோளக் கொல்லையில் நின்றுகொண்டு, இப்போது என் நிலம் எதுவென்று எனக்குத் தெரியும், நினைத்தபோது உழைப்பேன், நினைத்தபோது ஓய்வேன் என்று சொன்னதாக வருகிறது. அருமையான வார்த்தை. பலரும் அது ஜான்சன்தான் என்று எழுதுகிறார்கள். ஏட்டில் ஜான்சன் என்ற பெயர் இல்லை. அதே வட்டாரத்தில் வேறு ஆண்டனியும் இருந்தார். நான் என் குறிப்பில் அதைத் தனித்தாளில்தான் வைத்திருக்கிறேன்.

வேர்தேடி | ஞாயிறு காலை 7:20

அதைப் படித்ததும் எனக்கு ஏமாற்றம்தான், அந்த வாக்கியத்தை முதல் பக்கத்தில் போட நினைத்திருந்தேன். எடுத்துவிடுகிறேன்.

மேரியைப் பற்றி நான் சேர்க்கிறேன். 1653 தொடக்கத்தில் இவர்கள் தோட்டத்தில் தீ. பெரும் நஷ்டம். கோர்ட்டில் மனு போட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறார்கள், கடும் உழைப்பாளிகள் என்று ஒப்புக்கொண்டு, மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுள் முழுக்கத் தலைவரி கிடையாது என்று கோர்ட் எழுதிக் கொடுத்தது. இதன் கனம் எனக்கு முதலில் புரியவில்லை. 1643இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டிருந்தது: வெள்ளைக்காரப் பெண்களுக்குத் தலைவரி இல்லை, கறுப்பினப் பெண்களுக்கு உண்டு. அதாவது வயலில் இறங்குகிற கூலி ஆள் கணக்கில் அவர்களைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தில் மூன்று பெண்கள் என்றால் வருடா வருடம் மூன்று தலைக்குப் புகையிலை அளக்க வேண்டும். அந்த 1653 உத்தரவால் மேரியும் மகள்களும் வரிக்கணக்கில் மற்றக் குடியானவர் வீட்டுப் பெண்களுக்குச் சமமானார்கள். தீயில் வெந்த குடும்பத்துக்குக் கிடைத்தது வரிவிலக்கு மட்டுமில்லை என்று நினைக்கிறேன்.

தேன்மொழி_பிறை | ஞாயிறு காலை 8:00

இவ்வளவு மரியாதை கொடுத்த அதே ஊரை விட்டு ஏன் போனார்கள்?

வேர்தேடி | ஞாயிறு காலை 8:30

காரணம் ஒற்றையாகச் சொல்ல முடியாது. சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தெரிகிறது. 1662: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. 1667: ஞானஸ்நானம் வாங்கினாலும் விடுதலை இல்லை. 1670: சுதந்திரமான கறுப்பர் கிறிஸ்தவ வேலையாளை வைத்துக்கொள்ளக் கூடாது. ஜான்சன் குடும்பம் 1665 வாக்கில் கிளம்பியது. 250இல் 200 ஏக்கரை விற்றார்கள். மீதி 50ஐ ரிச்சர்டுக்குக் கொடுத்தார்கள். மாடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கே மேரிலாந்தின் சோமர்செட் பகுதிக்குப் போய் 300 ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார்கள். அந்தத் தோட்டத்துக்குப் பெயர் 'டோனியின் திராட்சைத் தோட்டம்'.

1670 வசந்தத்தில் ஆண்டனி இறந்தார். கப்பலில் இளைஞராக வந்து சுமார் ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

ஆவணப்பித்தன் | ஞாயிறு காலை 10:15

அடுத்த பகுதி எனக்கு எழுதவே கை வராது. 1670 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் ஒரு ஜூரி கூடுகிறது, எல்லோரும் வெள்ளையர். ரிச்சர்டிடம் இருந்த அந்த 50 ஏக்கரை அரசு எடுத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். காரணம்: ஆண்டனி ஜான்சன் ஒரு நீக்ரோ, ஆகவே அந்நியர். அந்நியருக்கு நிலம் ஏது, ஆகவே மகனுக்குக் கொடுத்ததும் செல்லாது.

பட்டாவில் கோளாறு இல்லை. கடன் பாக்கி என்றும் சொல்லவில்லை. வாரிசு உயிரோடு அந்த மண்ணில் நிற்கிறார். "ஆகவே" என்ற ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் செய்தது. பதினேழு வருடத்துக்கு முன் தீப்பிடித்தபோது முப்பது வருடக் குடியானவர் என்று எழுதிய அதே நிர்வாகம், அவர் வாய் மூடியதும் அந்நியர் என்று எழுதியது. நிலம் போய்ச் சேர்ந்தது ஜார்ஜ் பார்க்கர் என்பவரிடம். பார்க்கர் என்ற பெயரைக் கேசர் வழக்கில் பார்த்தோம்.

முத்து_ரிச்மண்ட் | ஞாயிறு காலை 10:50

இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நிலா_அட்லாண்டா | ஞாயிறு மதியம் 12:30

நேற்று நான் சொன்னது இதைத்தான். கேசருக்கு எதிராக எழுதிய பேனாவும் ரிச்சர்டுக்கு எதிராக எழுதிய பேனாவும் ஒன்றே. இரண்டு பேருக்காகவும் வருத்தப்படுகிறேன், ஒருவருக்காக வருந்தினால் இன்னொருவரை மறந்ததாக ஆகாது என்று இந்த இழையில் எனக்குத் தெளிவாயிற்று. மேரி அப்புறம் என்ன ஆனார்?

வேர்தேடி | ஞாயிறு மதியம் 2:00

மேரி அசரவில்லை அக்கா. கணவர் போன பிறகு குத்தகையைத் தன் பெயருக்குப் புதுப்பித்துக்கொண்டார், 99 வருடத்துக்கு, தனக்குப் பின் மகன்கள் தொடரலாம் என்ற நிபந்தனையோடு. வர்ஜீனியாவில் நடந்ததைப் பார்த்த பிறகு எழுத்தில் வாங்காமல் விடுவாரா? 1672இல் மூன்று பேரன்களுக்கும் ஆளுக்கு ஒரு பசு, கன்றோடு, என்று எழுதி வைத்தார். நிலம் போகலாம், காதில் குறி வெட்டிய பசு பேரன் பெயரில் பெருகும். கழனிவாசி ஐயா சொன்ன அதே கணக்கு.

கழனிவாசி | ஞாயிறு மாலை 5:40

கன்றோடு கொடுத்தார் பாருங்கள். வெறும் பசுவைக் கொடுத்தால் பேரன் அவசரத்துக்கு விற்றுவிடுவான். கன்றோடு கொடுத்தால் ஒரு வருடமாவது வைத்திருப்பான், அதற்குள் இன்னொன்று போட்டுவிடும். என் ஆத்தாவும் என் அக்கா கல்யாணத்துக்கு அப்படித்தான் ஓட்டிவிட்டது.

பேரன்கள் நிலம் ஏதாவது வாங்கினார்களா?

வேர்தேடி | ஞாயிறு இரவு 8:15

ஒருவர் வாங்கினார் ஐயா. ஜானின் மகன், அவர் பெயரும் ஜான். 1677இல் மேரிலாந்தில் 44 ஏக்கர். அந்த ஊரில் நிலத்துக்குப் பெயர் வைத்துத்தான் பதிவார்கள். இவர் வைத்த பெயர் 'அங்கோலா'. தாத்தாவின் ஊரைப் பற்றி ஏட்டில் யாரும் எழுதவில்லை என்று முதல் பதிவில் சொன்னேன் இல்லையா. தாத்தா வந்து 56 வருடம் கழித்து, அங்கோலாவைப் பார்த்தே இராத பேரன் அந்தப் பெயரைப் பத்திரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார். வீட்டில் பேசியிருப்பார்கள், வேறு எப்படி வரும்?

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு இந்தக் குடும்பம் ஏடுகளிலிருந்து மறைந்துவிடுகிறது.

முத்து_ரிச்மண்ட் | ஞாயிறு இரவு 8:40

அடுத்த மாதம் நீள வார இறுதி வருகிறது. சோமர்செட் எனக்கு நாலைந்து மணி நேரம்தான், போய் அந்தத் தோட்டம் இருந்த பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன். படம் எடுத்தால் இங்கேயே போடுகிறேன்.